பேரறிஞர் அம்பேத்காரும் சாதி ஏணியும்

ஆண்டுதோறும் நம் சங்க மலரிலே நாயன்மார் சரிதமும், நாவலர் பெருமான், விவேகானந்த சுவாமிகள், விபுலாநந்த அடிகள் போன்றோரின் வாழ்க்கை வரலாறுகளும் இடம்பெறுதல் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவரோ இந்து சமயத்திலே பிறந்து, அறுபத்தைந்தாம் வயதில் அதனை விட்டு நீங்கியவர். மதம் மாறியவருக்கு இந்து வாலிபர் மலரில் என்ன வேலை எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வீட்டை விட்டுப் போன பிள்ளை ஏன் போனான் என்பதை அயலார் வாயாற் கேட்பதிலும், வீட்டார் தாமே ஆராய்ந்தறிதல் மேலன்றோ? அவ்வெண்ணத்துடனேயே கலாநிதி பீமராவ் ராம்ஜி அம்பேத்காரின் சரிதத்தை எழுதத் துணிந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. சாதிக் கொடுமை என்றதும் மேலே உள்ளவர் கீழே உள்ளவரை ஒதுக்குவது என்ற அளவோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளும் மேல் உண்டு, கீழ் உண்டு. அவர்களுக்குள்ளும் தொடாதவர் உண்டு, உண்ணாதவர் உண்டு, பெண் கொடாதவர் உண்டு. இதனைக் கூர்ந்து நோக்கி, சாதி என்பது ஒரு மதில் அன்று, ஓர் ஏணி என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அம்பேத்கார். அவ்வேணியினால் தம் வாழ்நாளிலே இடருற்றவரும் அவரே.

1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாளிலே, மத்திய இந்தியாவில் மோவ் என்னும் இராணுவப் பாளையத்தில் அவர் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் சுபேதார் பதவி வகித்தவர். இராணுவப் பாடசாலை ஆசிரியர். கபீர்தாசரின் வழியைப் பின்பற்றிய பக்தர். தாயார் பீமாபாய். பதினான்கு பிள்ளைகளிற் கடைசிப் பிள்ளை இவர். குலம் மகார் என்பது. மராட்டிய நாட்டிலே செத்த மாடு இழுப்பதும், ஊர்க்காவல் செய்வதும், அதிகாரிகளுக்கு ஏவல் புரிவதும் மகார்களின் தலையிற் சுமத்தப்பட்ட ஊழியங்களாக இருந்தன.

தாயார் இளமையிலேயே காலமானார். சதாரா நகரத்துப் பாடசாலையிலே சிறுவன் பீமராவ் ஒரு கோணிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோய், அதன்மேல் ஒதுங்கியிருந்து படித்து, மாலையில் அதனைத் திரும்பவும் வீட்டுக்குச் சுமந்து வந்தான். பாடசாலையைக் கூட்டும் வேலையாளும் அச்சாக்கைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் தானே தண்ணீர்க் குழாயைத் திறத்தல் ஆகாது. பாடசாலைச் சேவகன் வந்து திறக்கவேண்டும். சேவகன் வராத நாளிற் தண்ணீரும் இல்லை. ஊரில் நாவிதர் பலர் இருந்தனர். கூலி கொடுக்க ராம்ஜியிடம் பணமும் இருந்தது. ஆயினும் மகார் பிள்ளையின் தலையிற் கத்தி வைக்க ஒருவரும் உடன்படாமையால் மூத்த தமக்கையாரே தம்பிமாருக்கு முடி திருத்திவிட்டார். துணி வெளுத்தலும் வீட்டுப் பெண்களின் வேலையாயிற்று. இங்கே வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்நாவிதரும் வண்ணாரும் சமூகத்திலே உயர்ந்த பீடத்தில் இருந்தவர் அல்லர். தம்மைத் தாழ்த்தியவர்களிடம் பணிந்து நின்ற அவர்கள், தமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பதிலே ஒருவித ஆறுதல் கண்டார்கள்.

1901 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோர் பிரயாணம் அவர் நெஞ்சை விட்டு என்றும் அகலவில்லை. தந்தையார் தொலைவிலே உத்தியோகத்தில் இருந்தார். கோடை விடுமுறைக்கு அவரிடம் போகப் புறப்பட்ட சிறுவர்கள், நல்ல உடை தரித்து, வாழ்நாளில் முதன்முறையாகப் புகையிரதம் ஏறி, மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினர். அழைத்துப் போக எவரும் வரவில்லை. நிலைய அதிபர் முதலில் அன்பாகப் பேசினார். மகார்ப் பிள்ளைகள் என அறிந்ததும் அவர் முகம் மாறிற்று. இரட்டிப்புக் கூலி தருவதாகக் கூறிய பின்னரே ஒரு வண்டிக்காரன் இசைந்தான். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, தான் பக்கத்தில் நடந்துவரும் நிபந்தனையின் மேல். உணவு கையில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடையாமல் அவ்விரவு முழுவதும் பட்டினியாய்க் கழித்தார்கள்.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்தரப் பாடசாலையில் 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறியதும், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாரின் உதவிச் சம்பளம் பெற்று 1913 இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்ததும் பலரும் அறிந்தவை. அங்கே 1916 மே மாதத்தில், இருபத்தைந்து வயது இளைஞராக, இந்தியாவிலே சாதிகள் தோன்றிய விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தன் கூட்டத்துக்கு உள்ளேயே மணம் முடித்தல் என்ற ஒரே பூட்டினாற்றான் சாதி நிலைபெறுகிறது என்றும், மேலே உள்ளவர் கதவை அடைத்துக்கொள்ள, கீழே உள்ளவர் அதனைப் பார்த்துத் தாமும் அடைத்துக்கொண்டார்கள் என்றும் அதிலே வாதித்தார். நம் வயதொத்த ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதைப் படித்தபோது நாம் சற்றே வெட்கமுற்றோம். நாம் சோதனைக்காக மட்டுமே கட்டுரை எழுதுபவர்களாயிற்றே.

1917 இல் பரோடாவுக்கு உத்தியோகத்தின் பொருட்டுத் திரும்பியவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் ஒதுங்கியிருந்தார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சியர் ஏறத்தாழப் பன்னிருவர் வந்து விரட்டினர். அவருக்கு அவ்வூரில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இந்து நண்பர், தாம் இடங்கொடுத்தால் வேலையாட்கள் போய்விடுவர் எனக் கூறினார். கிறிஸ்தவ நண்பர், மனைவி வந்த பின்னரே முடிவு சொல்லலாம் என்றார். அவ்விருவரும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள். கணவரின் மனம் விரிந்திருந்தது, மனைவியின் ஆசாரம் மாறவில்லை. அம்பேத்கார் ஒரு பூங்காவிலே மரத்தடியில் அமர்ந்து மணிக்கணக்காகக் காத்திருந்து, இரவு பம்பாய்க்குப் புகையிரதம் ஏறினார்.

இப்பகுதியைப் படிக்கையில் நமக்கு நம் பள்ளிப் பருவம் நினைவுக்கு வந்தது. நாம் மிஷன் பாடசாலையிலே படித்தோம். எல்லாரும் ஒரே தேவனின் பிள்ளைகள் எனக் காலை ஜெபத்திலே கேட்டோம். ஜெபம் முடிந்து வெளியே வந்ததும், புதிதாய்ச் சேர்ந்த மாணவனிடம், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என மூத்த மாணவர் விசாரித்ததையும் கேட்டோம். சாதி என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை. விடை மாத்திரம் எல்லாருக்கும் விளங்கிற்று.

இலண்டனிலே பொருளியற் கலாநிதிப் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923 இல் திரும்பிய அம்பேத்கார், அடுத்த ஆண்டில் ஒடுக்கப்பட்டோர் நலன் பேணும் சபை ஒன்றை நிறுவினார். மகாட் என்னும் ஊரிலே சவதார் குளம் என ஒரு பொதுக்குளம் இருந்தது. ஆடுமாடுகள் அதிற் குடிக்கும். வேறு மதத்தார் குடிப்பர். தீண்டாதவர் எனப்பட்டோர் மட்டும் குடித்தல் ஆகாது. குளத்தை யாவருக்கும் திறந்துவிட நகரசபை தீர்மானித்திருந்தும் அத்தீர்மானம் கடுதாசியிலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 ஆந் திகதி அம்பேத்கார் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிப் பருகினார். அவ்வளவே. அடுத்த கோயிலுக்குள்ளும் புகப்போகிறார்கள் என்ற வதந்தி பரவ, ஊரார் தடியோடு வந்து தாக்கினர். பின்னர் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் 108 குடங்களில் ஊற்றிக் குளத்துக்குச் சுத்தி செய்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டாதாரின் உரிமையை நிலைநாட்ட 1937 ஆயிற்று. நாசிக்கிலே காலாராமர் ஆலயத்தின் வாசலில் 1930 இல் தொடங்கிய அறப்போர் ஆண்டுக்கணக்காக நீண்டும் கதவு திறக்கவில்லை. வாலிபர்களே, கதவு தானாய்த் திறக்கவேண்டுமென்று இவர் எத்தனை காலம் வாசலில் நின்றார் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே, இவர் ஏன் போனார் என்று நாம் கேட்கலாம்.

இனி நாம் முதலிற் குறித்த ஏணிக்கு வருவோம். மராட்டியத்துத் தீண்டாதாருள் மூன்று பெருங் குலங்கள் உண்டு. தோல் வேலை செய்யும் சமார், மகார், கயிறு திரிக்கும் மாங். சமார் தம்மை மகாரிலும் உயர்ந்தவராகக் கருதினர். மகார் மாங் வீட்டில் உண்ணார். மாங் மகார் வீட்டில் உண்ணார். ஊர்க் கிணற்றில் மூவருக்குமே இடமில்லை; ஆனால் ஒருவரின் கிணற்றில் மற்றவர் அள்ளுவதற்கும் தடை. இது நமக்குப் புதினம் அன்று. யாழ்ப்பாணத்திலே வண்ணார், நாவிதர், பள்ளர், நளவர், பறையர் என ஐந்து குலத்தாரைப் பஞ்சமர் என்ற ஒரே பெயரால் ஒதுக்கினர். அவ்வைவருக்குள்ளும் படிகள் இருந்தன. வண்ணார் ஏனைய பஞ்சமருக்கு வெளுக்க வாராமையால், அவர்களுக்கு வெளுப்பதற்கெனத் துரும்பர் என்றொரு குலத்தார் இருந்தனர். தமிழகத்திலே இவ்வூழியஞ் செய்தவரைப் புதிரை வண்ணார் என்பர். அவர்களைக் கண்ணாற் காண்பதும் தீட்டு எனச் சில பகுதிகளிற் கருதினர். வெள்ளையர் ஆட்சியிலே நம் நாட்டு நகரங்களைத் துப்புரவு செய்யவெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தோரை, கோயில் வாசலில் தாமே தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் வேறாக வைப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அம்பேத்காரின் ஆராய்ச்சி இங்கேதான் கூர்மையடைகின்றது. எல்லாரும் ஒருசேர மிதிக்கப்பட்டால் எல்லாரும் ஒருசேர எழுவர். ஆனால் சாதி அமைப்பிலோ, ஏறக்குறைய ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன் இருப்பது போலக் கீழேயும் ஒருவன் இருக்கிறான். மேலே உள்ளவனை இறக்கிவிட அவன் ஆசைப்படுவான்; தனக்குக் கீழே உள்ளவன் தனக்குச் சமமாய் ஏறி வருவதைப் பொறுக்கமாட்டான். ஆகவே ஏணியைக் கவிழ்க்க எவரும் கூட்டுச் சேரார். இதனைப் படிமுறைச் சமத்துவமின்மை என அவர் விளக்கினார். லாகூரிலே சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று 1936 இல் அவரைத் தலைமை வகிக்க அழைத்துவிட்டு, அவர் எழுதிய உரையைக் கண்டு அஞ்சி மகாநாட்டையே கைவிட்டது. அவர் அவ்வுரையைத் தம் செலவில் அச்சிட்டார். சேர்ந்துண்ணல் போதாது, கலந்து மணத்தலே மருந்து என்பதும், சாதிக்கு ஆதாரமாய் நிற்கும் சாஸ்திர நம்பிக்கையைத் தளர்த்தாமல் அதுவும் நடவாது என்பதும் அந்நூலின் சாரம். இருபது வருடங்களுக்கு முன் அமெரிக்காவிற் சொன்ன அந்தப் பூட்டைத்தான் மீண்டும் சுட்டிக் காட்டினார்.

நோயை அறிந்த வைத்தியரையும் அந்நோய் விடவில்லை. இவர் மகார்களின் தலைவரேயன்றித் தீண்டாதார் அனைவரின் தலைவர் அல்லர் எனப் பலர் குறை கூறினர். 1932 இல் தனித்தொகுதி பற்றிய வழக்கு எழுந்தபோதே இப்பிளவு தெரிந்தது. வட்டமேசை மகாநாட்டில் தமிழராகிய இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்காரின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மற்றொரு தமிழராகிய எம். சி. ராஜா கூட்டுத் தொகுதியே வேண்டுமென இந்து மகாசபையாருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். காந்தியடிகள் உண்ணாவிரதம் இருக்க, செப்டெம்பர் 24 இல் பூனா ஒப்பந்தம் கைச்சாத்தாகி, தனித்தொகுதிக்குப் பதிலாக மாகாண சபைகளில் 148 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன.

பின்னர் வந்தது 1937 ஆம் ஆண்டுத் தேர்தல். பம்பாயிலே அம்பேத்காரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் யார்? பல்வங்கர் பாலு. கிரிக்கெட் பிரியராகிய நம் வாலிபர் இப்பெயரை அறிந்திருத்தல் நன்று. இடக்கையால் சுழற்பந்து வீசிய இவர், 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவிலே நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுக்களை வீழ்த்தியவர். சமார் குலத்தவர். பூனாவிலே இவர் வீசிய பந்தைத் தொட்ட இந்து ஆட்டக்காரர், இவருக்குத் தேநீரை மட்டும் வெளியே மண் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனர். வாலிபப் பருவத்தில் அம்பேத்கார் இவரைத் தம் மக்களின் வீரராகப் போற்றியவர். அவ்விருவரும், சாக்குத் துண்டும் மண் பாத்திரமும் கண்ட இருவரும், ஒரே ஆசனத்துக்காக எதிரெதிரே நின்றனர். ஏறத்தாழ 2000 வாக்குகளால் அம்பேத்கார் வென்றார். இவ்வெற்றியைப் பற்றிப் பலர் பெருமையாக எழுதியிருக்கின்றனர். நமக்கோ அதனைப் படிக்கையில் மகிழ்ச்சி உண்டாகவில்லை.

அவர் தம் குலத்தாரைத் தட்டிக்கொடுத்து மட்டும் வாழ்ந்தவர் அல்லர். செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், இழிந்த ஊழியத்தை விடுங்கள் என அவர்களை வற்புறுத்தியது போலவே, மாங் மக்களைத் தாழ்வாக நோக்குவதையும் விடுங்கள் என இடித்துரைத்தார். 1948 இல் தீண்டாதார் யார் என்பது பற்றி அவர் எழுதிய நூலைத் திறந்தால் முதலிலே ஒரு காணிக்கைப் பக்கம் இருக்கின்றது. அந்நூல் மூன்று அடியார்களின் நினைவுக்குப் படைக்கப்பட்டுள்ளது. ஒருவர் சமார் குலத்து ரவிதாசர். ஒருவர் மகார் குலத்துச் சோகாமேளர். மற்றவர் நம் திருநாளைப்போவார், நந்தனார். மண்ணிலே ஒரு பந்தியில் அமராத குலங்களின் அடியார் மூவரையும் அவர் ஒரே பக்கத்தில் அமர்த்தினார். சிதம்பரத்து வாசலில் நின்ற நந்தனாரை, மராட்டிய தேசத்தில் இருந்துகொண்டு இவர் நினைத்தார் என்பதை நம் சைவப் பெரியோர் அறிந்திருக்கிறார்களோ என்னவோ.

சுதந்திர இந்தியாவின் முதலாவது சட்ட மந்திரியாகவும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும் அவர் ஆற்றிய பணியை இங்கு விரிக்கப் புகின் மலர் போதாது. தீண்டாமையை ஒழித்த 17 ஆம் உறுப்பு மாத்திரம் இங்கு குறிக்கற்பாலது. இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் நாடிய மசோதா தடைப்பட்டதும் 1951 இல் மந்திரிப் பதவியைத் துறந்தார்.

1950 இல், உலக பௌத்த மகாநாட்டின்போது அவர் நம் நாட்டுக்கு வந்தார். கண்டியையும் கொழும்பையும் கண்டார். பௌத்தம் வாழும் நாட்டில் அது எவ்வாறு வாழ்கின்றது எனக் காணவே வந்தார். கொழும்பு நகர மண்டபத்திலே பேசியபோது இங்குள்ள தீண்டாதாரும் பௌத்தத்தைத் தழுவுக என அழைத்தார். அன்று யாழ்ப்பாணத்தில் பெருங் கோயில்களின் கதவுகள் பல பஞ்சமருக்கு அடைத்தே இருந்தன. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அடியவர் அடிபட்டனர்.

1956 ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகபுரியில், இலட்சக்கணக்கான மக்களுடன் அம்பேத்கார் பௌத்தரானார். அங்கும் ஏணி பின்தொடர்ந்தது. சென்றவர் பெரும்பாலும் மகார்; சமாரும் மாங் மக்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றனர். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசெம்பர் 6 ஆந் திகதி டில்லியில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. பம்பாய்த் தாதர் கடற்கரையில் தகனம் நிகழ்ந்தது.

அவர் கண்ட படிமுறை இன்று சட்டத்தின் கண்ணுக்கும் தெரியத் தொடங்கியிருக்கின்றது. தமிழகத்திலே அட்டவணைச் சாதியாருக்குரிய 18 சதவீதத்துக்குள், அடியிற் கிடந்த அருந்ததியருக்கென 3 சதவீதம் 2009 இல் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு உள்ளே பிரித்துக் கொடுத்தல் செல்லும் என 2024 ஆகஸ்டு 1 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகளுள் அறுவரின் முடிவாகத் தீர்ப்பளித்தது. ஒதுக்கப்பட்டோரின் ஒற்றுமை குலையும் எனச் சிலர் வருந்துகின்றனர். அந்த ஒற்றுமையிற் கடைசிப் படியில் நின்றவனுக்கு என்ன பங்கு கிடைத்தது என்று வேறு சிலர் கேட்கின்றனர். இரண்டாமவரின் கேள்வியே நமக்கு நியாயமாகப் படுகின்றது.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த மாதத்திலே நம் நண்பர் ஒருவரின் விவாகம் நடந்தது. நண்பரின் பாட்டனார் ஆலயப் பிரவேசப் போராட்டத்திலே அடிபட்டவர். அவர் நெற்றித் தழும்பைப் பற்றி அவ்வீட்டார் பெருமையாகப் பேசுவர். மணமகளோ நகர் துப்புரவு செய்வோரின் குடும்பத்திலே பிறந்து ஆசிரியையாகியவர். வரன் பேசிய நாள்முதல் நண்பரின் வீட்டில் அழுகையும் சண்டையுமாக இருந்தது. பதிவுக் கந்தோரிலே மணமகளின் தந்தையார் முதலாவது சாட்சியாகக் கைச்சாத்திட்டார். மணமகன் பக்கத்திலிருந்து ஒருவரும் வராமையால், இரண்டாவது சாட்சியாக நாம் கைச்சாத்திட்டோம்.